இருக்கைக்குக் கீழே என்ன இருக்கிறது?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)



செயலாளர் போன மாதம் போனில் கூப்பிட்டு, "சார், பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. நேற்றுப் பேசிய என் வகுப்புத் தோழர் பாலம் கட்டியவர். அவருக்கு முன்னால் பேசியவர் அனல் மின் நிலையத்தில் முப்பது வருஷம் இருந்தவர். நான் பேசப் போவது ஒரே ஒரு காரின் ஒரே ஒரு சீட்டைப் பற்றி. சிரிக்காதீர்கள். அந்த ஒரு சீட்டை நான் முதல் தடவை தப்பாக மாட்டினேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, என் அம்மா கொடுத்தார்கள். அதனால்தான் இதைப் பேச வேண்டும் என்று தோன்றியது.

முதலில் வண்டியைச் சொல்கிறேன். 1967-ல் அப்பா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. இளைய தலைமுறைக்கு அந்தப் பெயரே தெரியாமல் இருக்கலாம். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை அடிப்படையாக வைத்து, நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில், 1961 முதல் செய்த வண்டி அது. உருவம் வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. எஞ்சின். முன்பக்கத்து பானெட் முழுவதும் முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். அதைவிட முக்கியம், அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு அதன்மேல் உட்கார வைத்திருப்பார்கள். ஒரு ஸ்பானர் செட்டும் பொறுமையும் இருந்தால் வண்டியையே பிரித்து மாட்டலாம். நான் இயந்திரவியல் படிக்க வந்ததற்கு அந்த வண்டிதான் காரணம். 1974-ல் அப்பா என்னை இந்தக் கல்லூரி வாசலில் கொண்டு வந்து இறக்கியதும் அதில்தான்.

அப்பா 2009-ல் காலமானார். வண்டி ஷெட்டில் நின்றது. 2015-ல் நான் ஓய்வு பெற்றதும் அதைத் தட்டிக் கொட்டி ஓட்ட ஆரம்பித்தேன். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. "ஒரு தடவை அந்த வண்டியிலயே ஊருக்குக் கூட்டிண்டு போடா" என்று ஒரே ஆசை. ஆனால் அம்மாவால் அதில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை.

ஏன் என்று பார்ப்போம். பழைய இருக்கை என்பது வளைத்த இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மெத்தை, அதன்மேல் ரெக்ஸின். எங்கள் வண்டியில் பழைய உள்பொருள் எப்போதோ நைந்து போய், யாரோ ஒரு குஷன் கடைக்காரர் தேங்காய் நாரை அடைத்துத் தைத்திருந்தார். அதுவும் நடுவில் குழியாகிவிட்டது. முதுகின் கீழ்ப்பகுதிக்குத் தாங்கலே கிடையாது. சாய்மானம் தோள் வரைக்கும்தான், தலைக்கு ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் உடம்பு முன்னால் போகும், தலை பின்னால் நிற்கும், நடுவில் கழுத்து மாட்டிக்கொள்ளும். இதற்காகவே அமெரிக்காவில் 1969 ஜனவரி முதல் புதிய கார்களின் முன் இருக்கைகளில் தலைத் தாங்கியைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் வண்டி அதற்கு முந்தையது.

இன்னொரு சங்கதி. இரண்டு கதவு வண்டியில் பின்னால் ஏறுவதற்கு முன் சீட்டைத் தூக்கிச் சாய்க்க வேண்டும். ஹெரால்டில் அந்த சீட் முன்பக்கக் கீலில் மட்டும்தான் நிற்கிறது. பின்பக்கம் தாழ் கிடையாது. உட்கார்ந்திருப்பவரின் எடைதான் தாழ்! அறுபதுகளில் உலகம் முழுக்கப் பல வண்டிகள் அப்படித்தான் இருந்தன.

சரி, புது சீட் போடுவோம் என்று முடிவு செய்தேன். புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு சிறிய புதுக் காரிலிருந்து கழற்றிய ஜோடி சீட் கிடைத்தது. தலைத் தாங்கி சேர்ந்தே இருந்தது. சாய்வு, முன் பின் நகர்த்தல் எல்லாம் உண்டு. வீட்டுக்குக் கொண்டு வந்து உள்ளே வைத்துப் பார்த்தால், கால்கள் நான்கும் எங்கேயோ நிற்கின்றன. புதுக் காரின் தரை மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி அந்தக் கால்களைச் செய்திருக்கிறார்கள், நம் வண்டியின் தரை தட்டை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கால்களை அறுத்தேன். இரண்டு ஆங்கிள் துண்டை வைத்து, தெருமுனை வெல்டரைக் கூப்பிட்டுத் தரையோடு பற்ற வைக்கச் சொன்னேன். அவர், "சார், தகடு ரொம்ப மெலிசா இருக்கே, ஓட்டை விழுதே" என்றார். "பரவாயில்லப்பா, நாலு இடத்துல பிடிச்சா போதும்" என்றேன். இதைச் சொன்னவன் இந்தக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தவன். குற்றம் என்னுடையதுதான். அந்த மனிதர் எச்சரித்தார்.

2016 பிப்ரவரி. அம்மாவை ஏற்றிக்கொண்டு தாம்பரத்திலிருந்து கிளம்பினேன். வண்டலூர் தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வந்தது. வேகம் முப்பது இருக்கலாம். பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது, மாட்டின் மேல் படவே இல்லை. ஆனால் அம்மாவின் சீட் நிற்கவில்லை. பின்னங்கால் இரண்டும் தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு எழும்பி, அம்மாவோடு முன்னால் கவிழ்ந்தது. சீட் பெல்ட்டும் கிடையாது. நெற்றி டேஷ்போர்டில் அடித்து நாலு தையல். இடது மணிக்கட்டு எலும்பு முறிவு. வண்டி பிறந்த ஊரிலேயே இது நடந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மெதுவாகச் சொன்னார்கள்: "உங்கப்பாவோட சீட்டு குத்தும்டா, ஆனா ஒரு நாளும் என்னைத் தள்ளினதில்ல."

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. நம் ஒர்க்‌ஷாப் ஆசிரியர் ஞாபகம் வந்தார். ஃபிட்டிங் வகுப்பில் நாங்கள் போல்ட்டை முழு பலத்தோடு முறுக்கிவிட்டுப் பெருமையாக நிற்போம். அவர் வந்து, "போல்ட் ஸ்ட்ராங்கான்னு கேக்காதே. போல்ட் எதைப் பிடிச்சிண்டிருக்குன்னு கேளு" என்பார். நாற்பது வருஷம் கழித்து அந்தப் பாடம் எனக்கு அம்மாவின் நெற்றியில் புரிந்தது.

மாணவர்களே, இனிமேல் கொஞ்சம் கணக்கு. எட்டு மில்லிமீட்டர் விட்டம், 8.8 தரம் உள்ள ஒரு சாதாரண போல்ட், நேர் இழுவையில் ஏறக்குறைய இரண்டு டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். நான்கு போல்ட் போட்டால் எட்டு டன். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அது பிடித்திருப்பது என்ன? என் வண்டியின் தரைத் தகட்டை அளந்தேன். நல்ல இடத்தில் 0.9 மி.மீ., மிதியடிக்குக் கீழே துரு தின்ற இடத்தில் 0.5. இரண்டு டன் தாங்கும் போல்ட்டை அப்பளத்தில் மாட்டினால் அப்பளம்தான் உடையும்.

சீட் எவ்வளவு தாங்க வேண்டும்? அமெரிக்க விதி 207 ஒரு எளிய அளவு தருகிறது. சீட்டைப் பிடிக்கும் அமைப்பு, சீட்டின் எடையைப் போல் இருபது மடங்கு விசையை முன்னாலும் பின்னாலும் தாங்க வேண்டும். என்னுடைய பழைய சீட் எட்டு கிலோ, புதியது பதினைந்து. அப்படியானால் 160 கிலோ தாங்க வேண்டிய இடத்தில் இப்போது 300 கிலோ. சொகுசு கூடினால் எடை கூடும், எடை கூடினால் தரைக்கு வேலை கூடும்.

இதோடு முடியவில்லை. புதிய கார்கள் பலவற்றில் சீட் பெல்ட்டின் கொக்கி தரையில் இல்லை, சீட்டின் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படியானால் மோதும்போது ஆளின் எடையும் சீட் வழியாகத் தரைக்குத்தான் வரும். பெல்ட்டுக்கான விதி 210 என்ன சொல்கிறது தெரியுமா? மூன்று முனைப் பட்டையின் இடுப்புப் பகுதிக்கும் தோள் பகுதிக்கும் தனித்தனியே 3,000 பவுண்டு, அதாவது 1,300 கிலோவுக்கு மேல். புதுக் காரின் தரை அதற்கென்றே செய்தது. ஹெரால்டின் தரை கால் வைக்கச் செய்தது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நம்மில் பலர் பழைய வண்டியில் புது சீட்டைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது தடவை நான் அவசரப்படவில்லை. ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, தரை. பழைய சீட், பாய், நார் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுத்தியலின் கூர்ப்பக்கத்தால் தட்டிப் பார்த்தேன். மணி மாதிரி ஒலித்தால் நல்ல தகடு. சொத்தென்று ஒலித்தால் துரு. துருப்பட்டதை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிப்பில் புதுத் தகடு வைத்து டிங்கர் வேலை செய்தோம். இதற்கே இரண்டு மாதம் போயிற்று. சீட்டுக்குக் கொடுத்த காசைவிடத் தரைக்குக் கொடுத்தது அதிகம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. சீட்டைப் பொருத்துவதற்கு முன் அட்டையிலும் மரக்கட்டையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். புது சீட் இரண்டு அங்குலம் உயரமாக நின்றது. இரண்டு அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். தலை கூரையைத் தொடும், ஸ்டியரிங் தொடையில் இடிக்கும், கண் கண்ணாடியின் மேல் விளிம்புக்குப் போய்விடும். சாய்வைத் திருகும் குமிழ் ஒரு பக்கம் கதவில் இடித்தது, மறுபக்கம் ஹேண்ட் பிரேக். உட்காரும் பகுதி முன்னால் சற்று உயர்ந்தும் பின்னால் தாழ்ந்தும் இருக்க வேண்டும். தட்டையாக வைத்தால் பிரேக் போடும்போது ஆள் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போவார். அப்போது பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறிவிடும். அது உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது, பிராக்கெட். நான் அறுத்த சீட்டைத் தூர வைத்துவிட்டு வேறு ஜோடி வாங்கினேன். இந்தத் தடவை சீட்டையும் அறுக்கவில்லை, வண்டியையும் அறுக்கவில்லை. நடுவில் போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய பிராக்கெட் மட்டும் செய்தேன். சீட் நகரும் தண்டவாளம் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் ஒரு பக்கம் தாழ் விழும், மறுபக்கம் விழாது. உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பிரேக் போடும்போதுதான் தெரியும். இரண்டு பக்கமும் 'டக்' என்று விழுகிறதா என்று குனிந்து காதால் கேளுங்கள்.

நான்காவது, தரைக்கு அடியில் வைக்கும் தகடு. இதுதான் உயிர். சாதாரண வாஷரின் விட்டம் 16 மி.மீ., சுற்றளவு சுமார் 50. அதற்குப் பதில் 75 மி.மீ. சதுரத்தில், 3 மி.மீ. தடிப்பில் ஒரு தகடு வைத்தால் சுற்றளவு 300. போல்ட் வெளியே வர வேண்டுமானால் தரை ஆறு மடங்கு நீளத்துக்குக் கிழிய வேண்டும். தகட்டின் மூலைகளை உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே கத்தி மாதிரி தரையை வெட்டும்.

இந்தக் கணக்கு சரியா என்று எனக்கே சந்தேகம். நேரே நம் கல்லூரிப் பொருள் வலிமைச் சோதனைக் கூடத்துக்கு வந்தேன். அன்றைய மூன்றாம் ஆண்டு மாணவர்கள், அதே தடிப்புத் தகட்டில் இரண்டு மாதிரி செய்து இழுத்துக் காட்டினார்கள். வாஷர் மட்டும் வைத்தது தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பெரிய தகடு வைத்ததில் பிராக்கெட்தான் முதலில் வளைந்தது, தரை கிழியவில்லை. அந்த மாணவர்களில் இரண்டு பேர் இன்று முன்னாள் மாணவர்களாக இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

ஐந்தாவது, பெல்ட். மூன்று முனைப் பட்டையை வால்வோவின் நீல்ஸ் போலின் 1959-லேயே கொடுத்துவிட்டார், நாம்தான் மெதுவாக எடுத்துக்கொண்டோம். பெல்ட்டின் எந்த முனையையும் நான் சீட்டில் மாட்டவில்லை. மூன்றையும் வண்டியின் உடம்பிலேயே, ஒவ்வொன்றுக்கும் தனித் தகடு வைத்து, 7/16 அங்குல பெல்ட் போல்ட்டால் மாட்டினேன். சீட்டின் வேலை சீட்டுக்கு, பெல்ட்டின் வேலை பெல்ட்டுக்கு. பயணி பக்கத்து சீட் மட்டும் சாய வேண்டும், பின்னால் ஏற வேறு வழியில்லை. அதற்கு முன்னால் கீல், பின்னால் இரண்டு தாழ். தாழ்களை ஒரு வேனின் மடக்கு சீட்டிலிருந்து எடுத்தேன், பட்டறையில் அடித்துச் செய்யவில்லை.

ஆறாவது, மேலுறை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு வயதான குஷன் தொழிலாளி, பழைய சீட்டைப் பார்த்து அதே மெரூன் நிறத்தில் அதே கோடுகளோடு தைத்துக் கொடுத்தார். இதில் ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள சீட்டை இதற்கு வாங்கவே வாங்காதீர்கள். சீட்டின் ஓரத்தில் 'ஏர்பேக்' என்று சிறிய துணி முத்திரை இருக்கும், அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருக்கும். அதற்குள் வெடிக்கும் பொருள் இருக்கிறது. ஊசியும் கத்திரியும் வைத்து விளையாடும் இடம் அல்ல அது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. ஆர்.சி.யில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கிறதோ அதில் கை வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். 2021 ஜூலையில் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனி 'விண்டேஜ்' பதிவு கொண்டு வந்தார்கள். வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும், சேஸிஸ், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. எனக்கு வண்டி ஓட வேண்டும், அதனால் நான் அதற்குப் போகவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் வருபவர் போக விரும்பலாம். அவருக்கு அந்த வழியை நான் அடைக்கக்கூடாது.

அதனால்தான் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: நான் மாற்றியதை இன்னொருவன் ஒரே நாளில் பழையபடி ஆக்க முடிய வேண்டும். பழைய சீட் இரண்டும் துணி சுற்றிப் பரணில் இருக்கின்றன. அவற்றின் போல்ட்டுகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில், சீட்டு எழுதி ஒட்டியபடி. எங்கெங்கே புதுத் துளை போட்டேன், எந்தத் தகடு எங்கே என்று வரைபடம் போட்டு டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நம் வரைகலை ஆசிரியர் பார்த்தால் மார்க் போடுவார் என்று நம்புகிறேன்.

ஒன்றை மறைக்கக்கூடாது. இவ்வளவு செய்ததாலும் 1967 வண்டி 2016 வண்டி ஆகிவிடாது. இடித்தால் நொறுங்கி உள்ளே இருப்பவரைக் காக்கும் முன்பகுதி அதில் கிடையாது. அதை ஐம்பதுக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. நல்ல சீட் போட்ட தைரியத்தில் வேகமாகப் போனால், நல்ல சீட் போட்டதே தப்பாகிவிடும்.

2016 ஆகஸ்டில் அம்மாவை மறுபடி கூப்பிட்டேன். வர மாட்டார்கள் என்றே நினைத்தேன். அம்மா கதவைத் திறந்து, உட்காருவதற்கு முன்னால் அந்த சீட்டின் முதுகைப் பிடித்து நாலு தடவை பலமாக உலுக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "இப்ப இதுக்குக் கீழ என்ன வெச்சிருக்கே?" என்றார்கள். எஞ்சினியரிங் படிக்காத அம்மா கேட்ட அந்தக் கேள்வியை, எஞ்சினியரிங் படித்த நான் முதல் தடவை கேட்கவில்லை. தரையில் குனிந்து தகட்டைக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்கள். ஊருக்குப் போனோம். வழியில் இரண்டு இடத்தில் மட்டும் நிறுத்தினோம், அதுவும் காபிக்கு. அடுத்த நாலு வருஷம் அந்த இடது சீட் அம்மாவுடையதாகவே இருந்தது. 2021-ல் அம்மாவும் போய்விட்டார்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் காருக்கு சீட் மாட்டப் போகிறீர்களோ இல்லையோ, வாழ்க்கையில் ஏதாவது ஒரு பழையதில் ஒரு புதியதைப் பொருத்தத்தான் போகிறீர்கள். பழைய பாலத்தில் புதுப் பாதை, பழைய ஆலையில் புது இயந்திரம், பழைய அலுவலகத்தில் புது முறை. புதியது நன்றாக இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து, அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு வெல்டர் "தகடு மெலிசா இருக்கே சார்" என்று சொன்னால், தயவுசெய்து காது கொடுத்துக் கேளுங்கள்.

வண்டி வெளியே வேப்பமரத்து நிழலில் நிற்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் வந்து பாருங்கள். சீட்டைப் பிடித்து உலுக்கிப் பார்க்க எல்லோருக்கும் அனுமதி உண்டு.



(உரையாற்றியவர் 1974–79 இயந்திரவியல் பிரிவு மாணவர்.)